ஒல்லிப் பையனுக்குத்தான் கொழுப்பு

அம்பத்தூர் அம்மா:

எங்கள் வீட்டில் இரண்டு. பெண் பிளஸ் டூ, பையன் பத்தாவது. அவளைப் பார்த்தால் சொந்தக்காரர்கள் "உடம்பைக் கொஞ்சம் குறைச்சுக்கோம்மா" என்பார்கள். அவனைப் பார்த்தால் "பிள்ளைக்குச் சோறு போடுறியா இல்லையா" என்று என்னைக் கேட்பார்கள். கேட்டுக் கேட்டு நானும் அப்படியே ஆகிவிட்டேன். அவள் தட்டில் மூன்றாவது தோசை விழுந்தால் ஒரு பார்வை. அவன் தட்டில் ஐந்தாவது விழுந்தால் மேலே நெய்.

போன ஆடியில் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வயது 46. டிஸ்சார்ஜ் அன்று டாக்டர், "அப்பாவுக்கு 55 வயசுக்குள்ள வந்திருக்கு, பிள்ளைகளுக்கும் ஒரு தடவை கொழுப்பு டெஸ்ட் எடுத்துடுங்க" என்றார். பெண்ணுக்கு என்ன வருமோ என்று பயந்துகொண்டேதான் போனேன்.

ரிசல்ட் வந்தது. பெண்: ரத்தத்தில் ஓடுகிற கொழுப்பான டிரைகிளிசரைடு 84, நல்ல கொழுப்பான எச்.டி.எல். 52, பிரஷர் 110/70. பையன்: டிரைகிளிசரைடு 168, எச்.டி.எல். 36, பிரஷர் 128/78. பெயரை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று லேபில் போய்ச் சண்டையே போட்டேன். மறுபடி எடுத்தார்கள். அதேதான்.

குழந்தைகள் டாக்டரிடம் போனோம். அவர் எடையைப் பற்றிப் பேசவே இல்லை. மேஜை டிராயரிலிருந்து தையல்காரர் வைத்திருப்பது போல ஒரு இஞ்ச் டேப்பை எடுத்தார். பையன் 166 சென்டிமீட்டர், 57 கிலோ. சட்டை போட்டிருந்தால் குச்சி. சட்டையைத் தூக்கினால் சின்னதாக ஒரு தொப்பை, சுற்றளவு 84. வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டுமாம். பெண் 158 சென்டிமீட்டர், 62 கிலோ, சுற்றளவு 76. அவள் பாதிக்குள். அவன் பாதியைத் தாண்டிவிட்டான்.

பெண் பிள்ளைகள் வயசுக்கு வரும்போது இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேர்வது இயற்கை, வளர்ந்து முடிக்கும்போது உடம்பில் கால் பங்கு வரை இருக்கும் என்றார். பையன்களுக்கு அந்த வயதில் தசை ஏற வேண்டும், கொழுப்பு 15 சதவீதம் பக்கத்தில் நிற்க வேண்டும். மீசை முளைக்கும் வயதில் பையன்களுக்கு எச்.டி.எல். தானாகவே கொஞ்சம் இறங்கும், பிரஷர் கொஞ்சம் ஏறும். அதோடு தசையும் இல்லாமல் வயிற்றுக்குள் கொழுப்பும் சேர்ந்தால் ரத்தத்தில் தெரிந்துவிடும்.

அப்புறம் ஒரு கதை சொன்னார். புனே டாக்டர் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற படம் ஒன்று 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்ததாம். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒரே 22.3. உடம்புக் கொழுப்பு மட்டும் லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. "நம்ம ஊர் ஒல்லியை நம்பாதீங்க" என்றார்.

பெண்ணையும் சும்மா விடவில்லை. இந்தியக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கத்தின் 2015 வளர்ச்சி அட்டையில் அவள் அதிக எடைக் கோட்டுக்கு மேலே இருக்கிறாள். ஆனால் பத்தாவது வரை கபடி ஆடியவள். "அதுதான் காப்பாத்துது, விட்டுடாதே" என்றார். பிளஸ் ஒன் சேர்ந்ததும் கபடியை நிறுத்தச் சொன்னது நான்தான். அதை அவரிடம் சொல்லவில்லை.

பையன் எட்டாவதுக்குப் பிறகு கிரவுண்டை மிதிக்கவில்லை. ஸ்கூல், டியூஷன், போன். டியூஷன் வாசலில் தினம் ஒரு பாட்டில் கூல்டிரிங்க். அதிலிருக்கிற சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றிவிடுகிறது என்று டாக்டர் சொன்னதும் அவன் என்னைப் பார்த்தான். காசு கொடுத்தது யார்?

உங்கள் வீடுகளில் இப்படி நடந்திருக்கிறதா?

ராயபுரம் நர்ஸ்:

அக்கா, 128 என்றதும் பயந்துவிடாதீர்கள். 13 வயதுக்கு மேல் 120/80க்குள் இருந்தால் சரி. 120க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும், 130/80 தொட்டால்தான் பிரஷர் என்று சொல்லத் தொடங்குவார்கள். அதையும் ஒரே நாளில் முடிவு செய்யக் கூடாது, தனித்தனியாக மூன்று தடவை பார்க்க வேண்டும்.

என் அனுபவம் வேறு மாதிரி. ஒரு ஸ்கூல் கேம்ப். கொஞ்சம் பருமனான பையன், ஒன்பதாவது. பிரஷர் 142. டீச்சர் உடனே வீட்டுக்கு போன் போட்டுவிட்டார், அம்மா அழுதுகொண்டே வந்தார். நான் பார்த்தால், கையில் சுற்றியிருந்தது சின்னப் பிள்ளைகளுக்கான பட்டை! உள்ளே இருக்கிற காற்றுப்பை மேல்கையில் 80 சதவீதமாவது சுற்றி வர வேண்டும். சின்னதாக இருந்தால் பிரஷர் கூடத்தான் காட்டும். பெரிய பட்டை போட்டு, ஐந்து நிமிடம் உட்கார வைத்து, பேசாமல் இருக்கச் சொல்லி எடுத்தால் 118. அந்த அம்மாவுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினோம்.

இன்னொன்று. ஏறி நின்றால் உடம்புக் கொழுப்பு சதவீதம் காட்டும் மெஷின் இப்போது ஜிம்மில் எல்லாம் இருக்கிறது. காலில் லேசாக மின்சாரம் விட்டுப் பார்க்கிற சமாசாரம். தண்ணீர் உள்ள தசை மின்சாரத்தைத் தன் வழியே விடும், கொழுப்பு அவ்வளவாக விடாது. சித்திரை வெயிலில் வியர்த்துவிட்டு ஏறினால் ஒரு நம்பர், தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் இன்னொரு நம்பர். அதை வைத்துக்கொண்டு பிள்ளையைத் திட்டாதீர்கள்.

குரோம்பேட்டை மாணவி:

நான் இப்போது செகண்ட் இயர். பத்தாவது படிக்கும்போது என் பின்கழுத்து கறுத்துப்போய், வெல்வெட் மாதிரி தடித்தது. பாட்டி கடலை மாவு, எலுமிச்சை, கடைசியில் பீர்க்கங்காய் நார் வரைக்கும் போட்டுத் தேய்த்தார்கள். தோல்தான் எரிந்தது. "ஒழுங்கா குளிக்கிறதில்ல" என்று அத்தை கல்யாண மண்டபத்தில் நாலு பேர் முன்னால் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்தக் கோபத்தில் சாப்பாட்டை விட்டேன். காலையில் ஒன்றும் இல்லை, மதியம் வெள்ளரிக்காய். ஏழு கிலோ குறைந்தது, எல்லாரும் பாராட்டினார்கள். பீரியட்ஸ் நான்கு மாதம் வரவில்லை. மாடி ஏறினால் நெஞ்சு படபடவென்று அடித்தது. இதயத்தில்தான் ஏதோ என்று பயந்து போனால், ஈ.சி.ஜி. நார்மல், ஹீமோகுளோபின் 8.4. அந்தக் கழுத்துக் கறுப்பு அழுக்கே இல்லை, இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் என்று தோல் டாக்டர்தான் சொன்னார். பட்டினி கிடந்ததில் கொழுப்போடு தசையும் போயிருந்தது. சர்க்கரையை இழுத்துக்கொள்ள வேண்டியதே அந்தத் தசைதான்.

இப்போது மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், முட்டை, சுண்டல் எல்லாம். எடை நாலு கிலோ திரும்ப ஏறிவிட்டது. வாரத்தில் ஐந்து நாள் நடனம். கழுத்து முக்கால்வாசி தெளிந்துவிட்டது. அத்தை இப்போது "திரும்ப போட்டுட்டியே" என்கிறார்.

வியாசர்பாடி கோச்:

ஃபுட்பால் சொல்லிக் கொடுக்கிறேன், இருபது வருடம் ஆகிறது. இருபது மீட்டர் கோட்டுக்கு இடையே பீப் சத்தத்துக்கு ஓடுகிற டெஸ்ட் வைப்போம். குண்டாக இருக்கிறான் என்று எல்லாரும் கிண்டல் செய்த என் கோல்கீப்பர் அதில் பாதி ஒல்லிகளைத் தாண்டினான். நல்ல ஷேப்பில் இருப்பதாக ஜிம் செல்ஃபி போடும் ஒருவன் மூன்றாவது நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டான்.

ஒரு தடவை ஒரு அம்மா, பையனுக்கு நாடி 52தான் இருக்கிறது என்று பயந்து பயிற்சியை நிறுத்தினார். நாலு வருடம் தினமும் ஓடுகிறவனுக்கு அது சகஜம். இதயம் ஒரே அடியில் நிறைய ரத்தம் தள்ளும், அடிக்கடி அடிக்க வேண்டியதில்லை. டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பி வந்தான். ஆனால் ஓடும்போதே மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தாலோ நான் கிரவுண்டில் சேர்க்க மாட்டேன். ஈ.சி.ஜி., எக்கோ எடுத்துக்கொண்டு வா என்பேன்.

எனக்கு ஆறாத வருத்தம் பெண் பிள்ளைகள் விஷயத்தில்தான். பன்னிரண்டு வயது வரை பையன்களுக்குச் சமமாக ஓடுவார்கள். வயசுக்கு வந்து மண்டபத்தில் சடங்கு முடிந்த மறுவாரமே வருவது நின்றுவிடும். பையன்களை நிறுத்துவது யார் தெரியுமா? பி.டி. பீரியடை வாங்கிக்கொள்ளும் கணக்கு வாத்தியார். தினம் ஒரு மணி நேரம் உடம்பு அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, எங்கள் பக்கத்து ஸ்கூலில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிசு.

அம்பத்தூர் அம்மா, உங்கள் பெண்ணைத் திரும்பக் கபடிக்கு அனுப்புங்கள்.

அம்பத்தூர் அம்மா:

அனுப்பிவிட்டேன் சார். ஞாயிற்றுக்கிழமை மட்டும், பரீட்சை முடிந்ததும் முழுசாக. பையன் டியூஷனுக்கு நடந்து போகிறான், போக வர ஒன்றரைக் கிலோமீட்டர். கூல்டிரிங்க் காசுக்குப் பதில் மோர் பாட்டில். மூன்று மாதம் கழித்துத் திரும்ப ரத்தம் எடுக்க வேண்டும்.

சிஸ்டர், பையன் கைக்குச் சரியான பட்டை போட்டுப் பிரஷர் எடுத்தோம். 124.

நேற்று ராத்திரி பையன் என் தையல் மெஷினிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு போய் அவங்க அப்பாவை நிற்க வைத்து அளந்தான். உயரம் 170, சுற்றளவு 101. இவர் மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்தார், 98. "மூச்ச விடுங்கப்பா" என்றான்.