தேக்காவில் இருக்கும் கலர் வீடு யாருடையது?

முதல்தடவை_வந்தவன்:
போன மாதம் சிங்கப்பூர் வந்திருந்தேன். லிட்டில் இந்தியாவில் கெர்பாவ் ரோட்டுக்குள் திரும்பினால் கலர் கலராக ஒரு வீடு. ஒவ்வொரு சன்னல் பலகைக்கும் நாலைந்து நிறம். பழைய செட்டியார் வீடாக இருக்கும் என்று நினைத்து, படம் எடுத்துக் குடும்பக் குழுவிலும் போட்டுவிட்டேன். வாசலுக்கு மேல் சீன எழுத்து இருப்பதை ஊர் திரும்பிய பிறகுதான் கவனித்தேன். யார் வீடு இது? அந்த இடத்துக்கு எப்படி வந்தது?

புத்தகப்பூச்சி:
டான் டெங் நியா வீடு. 1900இல் கட்டியது. அவர் மிட்டாய் வியாபாரி.

சிராங்கூன்_பெரிசு:
தம்பி, செட்டியார் வீடு என்று நினைத்தவர் நீங்கள் மட்டும் இல்லை. ‘லிட்டில் இந்தியா’ என்ற பெயரே பிற்பாடு வந்தது. எங்களுக்கு அது தேக்கா, அவ்வளவுதான். கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. அடுத்த தெரு பஃபலோ ரோடு, அதுவும் எருமைதான்! தண்ணீரும் புல்லும் கிடைத்ததால் மாட்டு வியாபாரம் அங்கே வந்தது, நம் ஆட்களும் சேர்ந்து வந்தார்கள். ஆனால் சீனத் தவுக்கேகளும், அதாவது முதலாளிகளும், அங்கேயே தொழில் செய்தார்கள். அவர்கள் கட்டிய பங்களாக்களில் இந்தப் பக்கம் இன்னும் நிற்பது இது ஒன்றுதான். எட்டு அறை.

எனக்கு அந்த வீட்டில் பிடித்த கதை பின்கட்டில் இருக்கிறது. டான் டெங் நியாவின் மிட்டாய் ஆலைகளுக்குக் கரும்பு வரும். சக்கையை என்ன செய்வது? வீட்டுக்குப் பின்னால் ரப்பர் காயவைக்கும் புகைக்கூடம் வைத்திருந்தார். அடுப்புக்கு விறகு அந்தச் சக்கைதான். என் தாத்தா மலேசியாவில், ஜொகூரில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். புகை சரியாகப் பிடிக்காத ரப்பர் ஷீட் பூஞ்சை பூத்துவிடும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அதனால் அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம், காசு கொடுக்காமல் அடுப்பு எரித்த மனுஷனைத்தான் நினைத்துக்கொள்வேன்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஆரம்பத்தில் வெள்ளைச் சுவர், பச்சை ஓடு. வானவில் எல்லாம் பின்னாளில் பூசியது. 1980களில் புதுப்பித்தார்கள், 1989இல் அந்த வட்டாரமே பாதுகாக்கப்பட்ட பகுதியானது. பழையதைப் பார்க்க வேண்டுமென்றால் வாசலைப் பாருங்கள்: மரப்பலகையில் பொன்முலாம் எழுத்து, ‘சியூ சோங்’. இரண்டாவது எழுத்து பைன் மரத்தைக் குறிக்கும். பெயர்ப்பலகை வைத்து வாழ்ந்த குடும்பம், இன்று பலருக்கும் அது வெறும் ‘கலர் வீடு’. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

முதல்தடவை_வந்தவன்:
நன்றி ஐயா. குழுவில் திருத்திப் போட்டுவிட்டேன், அத்தை இன்னும் செட்டியார் வீடு என்றே சொல்கிறார். உள்ளே போய்ப் பார்க்கலாமா?

சிராங்கூன்_பெரிசு:
அருங்காட்சியகம் இல்லை தம்பி, வணிக இடமாகத்தான் இருக்கிறது. வெளியில் நின்று பார்க்கலாம். காலையிலேயே போங்கள், அப்புறம் வாசல் முழுக்க மணமக்களும் கேமராவும்தான்.