வகுப்பறையில் தொழில்நுட்பப் பயன்பாட்டை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி (யாழ்ப்பாணம்):
விஞ்ஞானப் பாட மேற்பார்வைக்குப் போறன். படிவத்தில "தொழில்நுட்பம் பயன்படுத்தப்பட்டதா: ஆம்/இல்லை" எண்டு ஒரே ஒரு கட்டம்தான். மல்ரிமீடியாவைப் போட்டாலே "ஆம்" விழுது. 40 நிமிடத்தில வேற எதைப் பார்க்கலாம்?

பதில் 1:
5 நிமிடத்துக்கு ஒருக்கால் குறியுங்கோ, 8 கட்டம் வரும். கருவி ஆற்றை கையில? ரீச்சர் காட்டுறாவா, பிள்ளையள் செய்யினமா? ஓமின் விதியை ஸ்லைட்டில வாசிச்சால் அது கரும்பலகைக்குப் பதிலீடு மட்டும். ஃபெட் (PhET) எண்ட பாவனைப் பரிசோதனைச் செயலியில வோல்ற்றளவை மாத்த முதல் அம்பியர்மானி என்ன காட்டும் எண்டு பிள்ளையள் கொப்பியில எழுதி, பிறகு ஒப்பிட்டால்தான் கற்றல் மாறுது. கல்வி ஆய்வாளர் புவென்ரெதூராவின்ரை சாமர் (SAMR) மாதிரியின்ரை நாலு படியும், வெறும் பதிலீட்டில இருந்து கற்றலையே மாத்துறது வரை, இதைத்தான் பிரிக்குது.

பதில் 2:
சாமர் படியைப் புள்ளியாக்காதேங்கோ, அது பெரிய பிழை. ஒரு படத்தைப் பெருப்பிச்சுக் காட்டுறதே போதுமான பாடங்களும் இருக்கு. மிஷ்ரா, கோலர் எண்ட ஆய்வாளர்கள் 2006இல் எழுதின ரீபக் (TPACK: பாடம், கற்பிக்கிற முறை, தொழில்நுட்பம் மூண்டையும் சேத்துப் பாக்கிற சட்டகம்) கேக்கிறது பொருத்தத்தை: இந்தப் பாடத்துக்கு, இந்த முறைக்கு, இந்தக் கருவி ஏன்? பாடத்துக்கு முதலே அதை ரீச்சரிட்டைக் கேளுங்கோ. முடிய 5 கொப்பி வாங்கிப் பாருங்கோ. எல்லாத்திலயும் ஒரே வசனமெண்டால் திரையைப் பாத்து எழுதினதுதான். கரண்ட் நிண்டதுக்குப் புள்ளி வெட்டாதேங்கோ, மாற்று ஆயத்தம் இருந்ததா எண்டு மட்டும் பாருங்கோ.

கேட்டவர்:
கொப்பி பாக்கிறதை நாளைக்கே தொடங்கிறன். நன்றி.