பிரிந்துபோனவளிடம் கிளமிடியா பற்றி எப்படிச் சொல்வது?

நீலவானம்:
போன வாரம் சிறுநீர்ப் பரிசோதனையில் எனக்குக் கிளமிடியா (உடலுறவு வழியே பரவும் பாக்டீரியா தொற்று) என்று வந்தது. எரிச்சல், வலி எதுவும் கிடையாது. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்தார்கள்: 100 மி.கி., காலையும் இரவும், 7 நாள். இப்போது என்னோடு இருப்பவளிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். நான்கு மாதத்துக்கு முன்பு பிரிந்தவளோடுதான் பேச்சே இல்லை. மூன்று தடவை எழுதி அழித்துவிட்டேன். பழி போடுகிறேன் என்று நினைப்பாளோ? ஏதாவது இருந்தால் அவளுக்கே தெரிந்திருக்குமே, விட்டுவிடலாமா?

கரையோரம்:
விட்டுவிடாதீர்கள் சகோ. அப்படி ஒரு செய்தி எனக்கு வந்திருக்கிறது. இரவு பத்தரை மணி, துணி மடித்துக்கொண்டிருந்தேன். படித்ததும் கோபம்தான் வந்தது. ஒரே தலையணை உறையை மடிப்பதும் பிரிப்பதுமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் போனேன். பஞ்சுக் குச்சியால் மாதிரியை நானே எடுத்துக் குழாயில் போட்டுக் கொடுத்தேன், இரண்டு நிமிட வேலை. எனக்கும் இருந்தது. ஒரு அறிகுறியும் இல்லாமல்! பெண்களில் பெரும்பாலோருக்கு அப்படித்தானாம். கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் வரை ஏறித் தழும்பாக்கிவிடும், பிறகு குழந்தை தங்குவதே சிரமமாகலாம்.

எனக்கு அந்தச் செய்தியை அனுப்பியவர் எழுதியது இவ்வளவுதான்: "எனக்குக் கிளமிடியா இருக்கிறது. உனக்கும் இருக்கலாம். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பரிசோதனை சொல்லாது. ஒருமுறை பார்த்துக்கொள், மாத்திரையில் சரியாகிவிடும். பதில் போட வேண்டாம்." அந்தக் கடைசி வரிக்காகவே அவர்மேல் கோபம் தணிந்தது.

வெள்ளைக்குடை:
பால்வினை நோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். எவ்வளவு நாள் பின்னோக்கிப் போய்ச் சொல்ல வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 60 நாள், அறிகுறி இல்லாதவர்களுக்கு பிரிட்டனில் 6 மாதம். நான்கு மாதம் என்றால் நான் சொல்லச் சொல்வேன். உங்களால் முடியாவிட்டால் சிகிச்சை தந்த இடத்தில் கேளுங்கள்; உங்கள் பெயரைச் சொல்லாமல் அவர்களே தெரிவிக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. கொனோரியா, சிபிலிஸ், எச்.ஐ.வி. மூன்றையும் கையோடு பார்த்துவிடுங்கள். இப்போதைய துணை கர்ப்பமாக இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும், மாத்திரை வேறு. இருவரும் சிகிச்சை முடிக்கும்வரை உறவு வேண்டாம், இல்லாவிட்டால் திரும்பத் திரும்பத் தொற்றிக்கொண்டே இருக்கும். அப்புறம் 3 மாதம் கழித்து மறுபரிசோதனை. நிறையப் பேர் அதற்கு மட்டும் வருவதே இல்லை.

நீலவானம்:
அனுப்பிவிட்டேன். கரையோரம், அந்தக் கடைசி வரியை அப்படியே எடுத்துக்கொண்டேன். இருபது நிமிடம் கழித்து அவளிடமிருந்து ஒரே கேள்வி: "எங்கே போய்ப் பார்ப்பது?" நான் போன இடத்தின் முகவரியையும் நேரத்தையும் அனுப்பியிருக்கிறேன்.