பதிவு செய்த இசையின் டெம்போவை (வேகத்தை) மாற்றப்போய் வாசிப்பே மாறிப்போன அனுபவம் உண்டா?

கொள்ளிடக்கரை
எங்கள் ஊர்ச் சாமி புறப்பாட்டில் நாகஸ்வரமும் தவிலுமாக வாசித்த மல்லாரியைப் பதிவு செய்து, கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவில் மிக்ஸ் பண்ணக் கொடுத்திருந்தோம். கம்பீரநாட்டை ராகம், மூன்று காலமும் (வேகமும்) தட்டுக்கு மூன்றாக வரும் திஸ்ரமும் உண்டு. "தாளம் நிக்கலண்ணே, ஏறிக்கிட்டே போவுது" என்று சொல்லி, அந்தப் பையன் தவில் அடி ஒவ்வொன்றையும் 72 பிபிஎம் (நிமிடத்துக்கு 72 தட்டு) கிரிடில், அதாவது மென்பொருளின் காலக் கட்டத்தில், இழுத்து ஒட்டிவிட்டான். தவில் வாசித்த பெரியவருக்கு ஹெட்ஃபோன் மாட்டினோம். தொடையில் தாளம் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். திஸ்ரம் வந்ததும் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. கீழே இறங்கவே இல்லை. "நான் எங்கயும் தடுமாறலையே தம்பி" என்றவர், ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு டீ சொல்லச் சொன்னார். மூன்றாக வாசித்த சொற்களை நாலாகப் பிரித்த கட்டத்துக்குள் திணித்தால் வேறென்ன ஆகும்? சாமி தூக்குகிறவர்கள் நடையை எட்டிப் போட்டால் மேளமும் கூடவே நகரத்தான் செய்யும். அதைப் போய்ப் பிசகு என்கிறான். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அரசலாறு
கொள்ளிடக்கரை சொல்வது டெம்போ பிரச்சினையே இல்லை. கிரிடை டிரிப்லெட்டில் (தட்டுக்கு மூன்று கட்டமாக) வைத்திருந்தால் பாதி சரியாகியிருக்கும், மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. எங்களுக்கு நடந்தது தஞ்சாவூரில், மகளின் சலங்கை பூஜையில். சின்னப் பிள்ளைகளுக்கு வேகம் ஒத்துவரவில்லை என்று டீச்சர் பாட்டை 20 சதம் குறைத்து வாங்கி வந்திருந்தார். சுருதி அப்படியே நின்றது. ஆனால் நட்டுவாங்கத் தாளம் ஒவ்வொரு தட்டுக்கும் 'டிட்டிங்' என்று இரண்டாகக் கேட்டது. முன்வரிசையில் ஒரு வாண்டு அந்த இரண்டாவது சத்தத்துக்கும் சேர்த்துக் காலைத் தட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். கேட்டதைக் கேட்டபடி ஆடியது அவள் ஒருத்திதான்.

குடமுருட்டி
அப்பாயி பாடிய நடவுப் பாட்டு. போனில் 48,000 ஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் (விநாடிக்கு 48,000 ஒலி மாதிரி) பதிந்ததை யாரோ கணினியில் 44,100 என்று வைத்துத் திறந்திருக்கிறார்கள். அப்படித் திறந்தால் வேகம் 8 சதம் குறையும், சுருதியும் ஏறக்குறைய முக்கால் கட்டை இறங்கும். மெதுவாக ஓடுகிறதே என்று சித்தப்பா மகன் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் சேஞ்ச் டெம்போ போட்டு வேகத்தை ஏற்றினான். அது சுருதியைத் தொடாது என்பதால் குரல் தடித்தே கிடந்தது. அப்பாயி கேட்டுவிட்டு, "யாருடா இந்த ஆம்பள, நம்ம பாட்டப் பாடுறான்?" என்றது. டிராக் மெனுவில் ரேட்டை 48,000 ஆக்கியிருந்தால் டெம்போவைத் தொடவே வேண்டியிருந்திருக்காது.

வெட்டாறு
என் கதை சின்னது. திருவாரூரில் நண்பர் ஒருவர் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பிபிஎம் எண்ணை மாற்றினார், பதிந்து வைத்த நாகஸ்வரம் முழுவதும் ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுபட்டது. அவ்வளவுதான்.

கொள்ளிடக்கரை, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதலில் ரீப்பரின் புராஜெக்ட் செட்டிங்கில் டைம்பேஸை 'டைம்' ஆக்குங்கள். மாற்றாமல் விட்டால் அது பீட்ஸில் இருக்கும், எண்ணைத் தொட்டாலே ஒலியும் நீளும். அப்புறம் ஒவ்வொரு ஆவர்த்தனத்தின் (தாளச் சுற்றின்) சமத்திலும், அதாவது தொடக்கத்திலும், ஒரு டெம்போ மார்க்கர் வையுங்கள். ஆதி தாளமென்றால் 8, மிஸ்ர சாபு என்றால் 7 என்று டைம் சிக்னேச்சரையும் கொடுங்கள். இப்போது வாசிப்பவர் பின்னால் கிரிட் போகும். வேகத்தை மாற்றியே தீரவேண்டும் என்றால் ஓரிரு சதத்தோடு நிறுத்துங்கள். சரியாக வந்திருக்கிறதா என்று சுருதிக்கு ஊதும் ஒத்துக் குழலைக் கேட்டு முடிவு பண்ணாதீர்கள், நீண்ட ஒலி இழுத்ததை எளிதில் காட்டிக்கொடுக்காது. தவிலின் வலந்தலையை (வலப்பக்கத்தை) கேளுங்கள். கூடு மாட்டிய விரல் விழும் 'டக்' மழுங்கியிருந்தால் அளவு மீறிவிட்டது. மூலக் கோப்பைத் தனியாக எடுத்து வையுங்கள். அரசலாறு சொன்ன டிரிப்லெட்டும் போதாது. மல்லாரி முழுக்கவா திஸ்ரம்? மற்றக் காலமெல்லாம் அதில் கெட்டுப்போகும்.

நாகூர் ரோடு
வெட்டாறு, இத்தனை மார்க்கர் எதற்கு என்று தோன்ற வைத்தது எங்கள் வீட்டுக் கல்யாண வீடியோ. தாலி கட்டும் காட்சியை ஸ்லோமோஷன் ஆக்கியவர் கெட்டிமேளத்தையும் கூடவே பாதி வேகத்துக்கு இழுத்துவிட்டார். தவிலும் நாகஸ்வரமும் தரையில் தேய்ந்துகொண்டு வந்தன. ரெண்டு வீட்டாரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தை எழுந்துபோய் டிவியை அணைத்துவிட்டார். படத்திலிருந்து ஒலியைப் பிரித்து அதன் வேகத்தில் விட்டிருந்தால் வேலை முடிந்தது. அதைச் சொன்னதற்கு, "இப்ப எல்லாரும் இப்படித்தான் கேக்குறாங்க சார்" என்றார்.