விரல்கள் அசையாத கையோடு தனி வீட்டில்

2016ஆம் ஆண்டு நேர்ந்த விபத்தில் கழுத்துப் பகுதியில், ஆறாவது நிலையில், என் தண்டுவடம் காயமடைந்தது. தோளின் வலுவும், முழங்கையை மடக்கும் வலுவும், மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கும் வலுவும் எஞ்சின, விரல்கள் எஞ்சவில்லை. சென்னையில் தரைத்தள வீடொன்றில் ஐந்து ஆண்டுகளாகத் தனியாக வாழ்கிறேன். தனியாக என்று சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது: குளியலுக்கும் கழிவறைத் தேவைகளுக்கும் உதவியாளர் ஒருவர் காலையில் 2 மணி நேரமும் இரவில் 1 மணி நேரமும் வந்து போகிறார். மற்ற நேரமெல்லாம் வீடு என் பொறுப்பு.

விபத்துக்குப் பிறகு, வீட்டார் அன்பினால் என் விரல்களை நாள்தோறும் நீவி நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். வேலூர் பாகாயத்தில் உள்ள மறுவாழ்வு மையத்தில்தான் அதைத் தடுத்தார்கள். மணிக்கட்டைத் தூக்கினால் விரல்கள் தாமாகவே சுருளும், தாழ்த்தினால் விரியும். அந்தச் சுருக்கம்தான் எனக்கு மிஞ்சியிருக்கும் பிடி என்றும், மணிக்கட்டு தூக்கிய நிலையில் விரல்களை நிமிர்த்தினால் தசைநாண்கள் தளர்ந்து அதுவும் போய்விடும் என்றும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பயிற்றுவிப்பவர்) விளக்கினார். 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த பின், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் தலைமையில் 1966இல் உருவான மையம் அது. இன்று நான் தண்ணீர்க் குவளையைத் தூக்குவது அங்கே காப்பாற்றப்பட்ட அந்தப் பிடியால்தான்.

உள்ளங்கையைச் சுற்றிக் கட்டும் ஒரு பட்டையில் கரண்டி, பல்துலக்கி, கைப்பேசியைத் தொடும் குச்சி ஆகியவற்றை மாற்றி மாற்றிச் செருகிக்கொள்கிறேன். என்னிடம் உள்ளவற்றில் மிக மலிவானதும், நாளில் மிக அதிகமாகப் பயன்படுவதும் அதுவே. நீண்ட கடிதங்களைப் பேசியே எழுதுகிறேன். 2017இல் கூகுள் குரல் தட்டச்சில் தமிழ் சேர்ந்தபோது, அம்மாவுக்கு நானே ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். விளக்கும் மின்விசிறியும்கூடக் குரலுக்குக் கட்டுப்பட்டவை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. முதலில் மின்சாரம் போனது, அதோடு இணையமும் போனது. ஒரே நேரத்தில் விளக்கு, மின்விசிறி, கதவு ஆகிய எதுவும் என் சொல்லைக் கேட்கவில்லை. அதைவிட, படுக்கைப் புண் வராமலிருக்கப் போட்டிருந்த காற்று மெத்தையின் பம்பு நின்று, மெத்தை மெல்ல இறங்கத் தொடங்கியது. முதுகு கட்டிலின் பலகையை எட்டினால், அங்கே உணர்வு இல்லாததால் எனக்கு வலிக்காது, வலிக்காததுதான் ஆபத்து. எதிர்வீட்டு அக்காவைக் கைப்பேசியில் அழைத்தேன். தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் திறந்து, முழங்கால் நீரில் வந்தார். அவருடைய மகன் பம்புக் குழாய்களை மடித்து நூலால் இறுக்கிக் கட்டி, எஞ்சிய காற்றை நிறுத்தினான். அன்று இரவு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருவரும் என்னைப் புரட்டிவிட்டார்கள். இப்போது மெத்தையின் மேல் தடித்த நுரைப்பஞ்சு விரிப்பும், இணையக் கருவிக்கு ஒரு சிறிய யுபிஎஸ்ஸும் இருக்கின்றன. புதிதாகக் கருவி வாங்குவோரிடம், மின்சாரம் நின்றால் அது என்ன ஆகும் என்பதை முதலில் கேளுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

வெளியில் கிடைத்த ஓர் அனுபவமும் உண்டு. ஒரு வங்கிக் கிளையில், நான் எதிரே இருக்கும்போதே அலுவலர் என் உதவியாளரைப் பார்த்து, "இவருக்குக் கையெழுத்துப் போட வருமா?" என்று கேட்டார். பட்டையில் பேனாவைச் செருகிக் கையெழுத்திட்டேன். பழைய கையெழுத்தோடு பொருந்தவில்லை என்று மூன்று முறை அலையவிட்டார்கள். காயத்துக்கு முந்தைய கையைக் கொண்டு இன்றைய கையை அளந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

புயலுக்குப் பிறகு வாசலுக்கு மின்கலத்தில் இயங்கும் பூட்டு பொருத்தினேன். சக்கர நாற்காலியின் கைப்பிடியில் உள்ள பெரிய பொத்தானை முழங்கையால் அழுத்தினால் அது திறக்கும். மாற்றுச் சாவி அக்காவிடம்தான் இருக்கிறது. ஆனால் முன்பு நேரே திறந்து உள்ளே வந்தவர், இப்போது மணியை அடித்துவிட்டு, நான் கூடத்துக்கு வந்து திறக்கும்வரை வெளியே நிற்கிறார்.