பழைய மாருதி 800 ஏசிக்கு எந்த கேஸ் போடுவது?

வணக்கம். வண்டி 1994 மாடல், அப்பா வாங்கியது. இரண்டு வருடமாக ஏசி ஓடவில்லை. கம்ப்ரஸர் நன்றாகச் சுற்றுகிறது, கேஸ்தான் முழுதும் போய்விட்டது. கண்டென்சர் பக்கத்து ஹோஸ் மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி அப்பியிருக்கிறது. கசிவு அங்கேதான் போல.

இது ஆர்-12 காலத்து ஏசி. ஓசோனைக் கெடுப்பதால் அந்த கேஸை நிறுத்திப் பல வருடம் ஆகிறது.

அதற்குப் பதிலாக வந்த கேஸ் ஆர்-134ஏ. ஒரு மெக்கானிக், "அப்படியே 134ஏ அடிச்சிடலாம் சார்" என்கிறார். கம்ப்ரஸர் தேயாமல் இருக்க உள்ளே இருப்பது மினரல் ஆயில். 134ஏ அதோடு கலக்காது. ஆயில் திரும்பி வராவிட்டால் கம்ப்ரஸர் பிடித்துக்கொள்ளும். இன்னொருவர் ஹைட்ரோகார்பன் கேஸ் போடச் சொல்கிறார். பழைய ஆயிலோடு ஒத்துப்போகும், நன்றாகவும் குளிரும், சரி. ஆனால் அது கிட்டத்தட்ட அடுப்பு கேஸ்! கூலிங் காயில் இருப்பதோ டேஷ்போர்டுக்கு அடியில். கண்ணாடி ஏற்றிய காருக்குள் பிள்ளைகளை உட்காரவைத்து ஓட்ட எனக்கு மனசு வரவில்லை.

அதனால் ஃப்ளஷ் செய்து, எஸ்டர் ஆயில், புது டிரையர் (ஈரத்தை உறிஞ்சும் பாகம்), ஓ-ரிங் எல்லாம் மாற்றி 134ஏ போடலாம் என்றிருக்கிறேன். இதே வண்டியில் இப்படி மாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பழைய அளவில் 80 முதல் 90 சதவீதம் கேஸ் போதும் என்கிறார்கள், உங்களுக்கு எவ்வளவு பிடித்தது? மதுரை வெயிலுக்குப் பழைய கண்டென்சரே தாங்குமா, இன்னும் நன்றாகச் சூட்டைத் தள்ளும் பேரலல் ஃப்ளோ வகைக் கண்டென்சர் போட வேண்டுமா? அப்புறம், இங்கே பொறுமையாக வேக்கம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து)ச் செய்துதரும் கடை தெரிந்தால் சொல்லுங்கள்.