3,400 உருப்படிகள்: குறிச்சொல் இடுவதா, தேடலை நம்புவதா?

ஏட்டுச்சுவடி (கேள்வி)

சேமித்த சுட்டிகளும் கோப்புகளுமாக மொத்தம் 3,400 உருப்படிகள். பாதிக்கு மேல் தமிழ். அதில் ஸ்கேன் செய்த பிடிஎஃப் 300 போல; ஒலிப்பதிவு, காணொளி 200. சுட்டிகள் உலாவியின் புக்மார்க்கில், கோப்புகள் ஸோடெரோ என்ற ஆவண மேலாண்மை மென்பொருளில்.

குறிச்சொற்கள் (டேக்) 610 ஆகிவிட்டன. ‘கணினி’, ‘கணிணி’, ‘கம்ப்யூட்டர்’ மூன்றும் தனித்தனியாக நிற்கின்றன. ஏறக்குறைய பாதிக் குறிச்சொற்களின் கீழ் ஒரே ஒரு உருப்படிதான். சரி, தேடிவிடலாம் என்றால், இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த கட்டுரைகூட வருவதில்லை.

1. குறிச்சொற்களை மொத்தமாக நீக்கிவிட்டுத் தேடலை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?
2. தமிழில் தேடல் ஏன் இப்படித் தவறவிடுகிறது?

---

மூலப்பிரதி

எதையும் நீக்குவதற்கு முன், உங்கள் தேடல் எதற்குள் தேடுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

புக்மார்க்கில் தேடும்போது உலாவி பார்ப்பது தலைப்பையும் முகவரியையும்தான். ஃபயர்ஃபாக்ஸ் கூடுதலாகக் குறிச்சொல்லையும் பார்க்கும். குரோமில் குறிச்சொல் வசதியே கிடையாது. கட்டுரைக்குள் இருக்கும் சொல்லை இரண்டுமே பார்க்காது, ஏனென்றால் கட்டுரை உங்களிடம் இல்லை. முகவரி மட்டுமே இருக்கிறது. தளம் மூடப்பட்டால் அதுவும் பயனற்றுப் போகும். முக்கியமான பக்கங்களை சிங்கிள்ஃபைல் நீட்சியால் ஒரே ஹெச்டிஎம்எல் கோப்பாக இறக்கிவிடுங்கள். படங்களும் அதற்குள்ளேயே வந்துவிடும். அதன்பிறகுதான் முழு உரைத் தேடல் என்று பேசவே முடியும்.

ஸோடெரோவில் வேறொரு தடை. ஒரு பிடிஎஃப்பில் முதல் 100 பக்கம், ஒரு கோப்பில் 5,00,000 எழுத்துக்குறி, இதற்குமேல் அது அட்டவணைப்படுத்தாது (தேடலுக்காகச் சொற்களைப் பதிந்துவைக்காது). இயல்பான அமைப்பே அதுதான். 400 பக்க நூலில் 230ஆம் பக்கத்துச் சொல்லைத் தேடினால் வராது. வராததற்கு எந்த அறிவிப்பும் இருக்காது. அமைப்புகளில் இரண்டு எண்களையும் உயர்த்தி, அட்டவணையை மறுபடி உருவாக்கச் சொல்லுங்கள். எண்ணை மாற்றினால் மட்டும் பழைய கோப்புகள் தாமாகச் சேராது.

ஸ்கேன் பிடிஎஃப்: ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, வெறும் உரைக் கோப்பில் ஒட்டிப் பாருங்கள்.

ஒன்றுமே ஒட்டப்படவில்லை என்றால் அது வெறும் படம். டெசராக்ட் என்ற மென்பொருளைக் கொண்டு ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுப்பது) செய்ய வேண்டும். ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற கருவி அந்த வேலையை எளிதாக்கும். ஆனால் மொழி சொல்லாவிட்டால் அது ஆங்கிலம் என்றே எடுத்துக்கொள்ளும்; தமிழ்ப் பக்கம் முழுக்கக் குப்பை எழுத்தாகிவிடும். தமிழ் மொழித் தரவை நிறுவி, தமிழ், ஆங்கிலம் இரண்டையும் குறிப்பிடுங்கள். இனிமேல் ஸ்கேன் செய்பவற்றை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) செய்யுங்கள்.

திரையில் தமிழ் தெரிந்து, ஒட்டியதில் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டினால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது; அதில் ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் வடிவம் கொடுத்திருப்பார்கள். இதுதான் ஏமாற்றும் வகை. உள்ளே ஏற்கெனவே உரை இருப்பதாகக் கண்டு மென்பொருள் அந்தக் கோப்பை மறுத்துவிடும். கட்டாய ஓசிஆர் விருப்பத்தைச் சேர்த்தால்தான் நடக்கும்.

---

புள்ளிமயங்கி

இரண்டாவது கேள்விக்கு. ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்த தேடல், முழுச் சொல்லை முழுச் சொல்லோடு ஒப்பிடும். தமிழில் சொல் அப்படியே நிற்பதில்லை. வீடு, வீட்டில், வீட்டை, ஆறு, ஆற்றின், நிலம், நிலத்தடி. ‘வீடு’ என்று தேடினால் ‘வீட்டை’ எப்படி வரும்?

உங்கள் மென்பொருளில் சொல்லின் முற்பகுதியை மட்டும் கொடுத்துத் தேட முடிந்தால் (பல இடங்களில் கடைசியில் நட்சத்திரக் குறி போடுவது) இப்படிச் செய்யுங்கள்:

மெய்யில் முடியும் சொல்லுக்குப் புள்ளியை எடுத்துவிடுங்கள். ‘குடிநீர’ என்று தேடினால் குடிநீர், குடிநீரை, குடிநீருக்கு மூன்றும் கிடைக்கும். கணினிக்கு ‘ர்’ என்பது ‘ர’வும் அதன்பின் ஒரு புள்ளியும், ‘ரு’ என்பது ‘ர’வும் உகரக் குறியும். ‘ர’ பொதுவாக இருப்பதால் எல்லாம் பொருந்துகிறது.

டு, று என்று முடிந்து இரட்டிக்கும் சொற்களுக்கு இரட்டித்த வடிவையும் தேட வேண்டும்: ‘வீடு’ ஒரு தடவை, ‘வீட்ட’ ஒரு தடவை. மகர ஈற்றுக்கும் இரண்டு: ‘நிலம’, ‘நிலத்த’. பன்மை வேண்டுமென்றால் மூன்றாவதாக ‘நிலங்’. அலுப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் “அந்தக் கட்டுரை இல்லை” என்று முடிவுக்கு வராதீர்கள்.

அடுத்தது கண்ணுக்கே தெரியாத பிழை. ‘கொ’வின் துணைக்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. யூனிகோடு இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் வெவ்வேறு சேமிப்பு வடிவங்களை ஒன்றாக்குவது) இதைச் சரிசெய்துவிடும். ஆனால் ‘ஔவை’க்குப் பதிலாக ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்து ‘ஒளவை’ என்றும், ‘பௌதிகம்’ என்பதை ‘பெளதிகம்’ என்றும் தட்டியிருப்பார்கள். அதை எந்த இயல்பாக்கமும் தொடாது. இரண்டு வடிவிலும் தேடத்தான் வேண்டும். ‘ஸ்ரீ’க்கும் இதே தொல்லை. யூனிகோடில் ‘ஶ’ 2005இல்தான் சேர்ந்தது என்பதால் பழைய பக்கங்களில் ‘ஸ’வும் சில புதிய பக்கங்களில் ‘ஶ’வும் இருக்கும்.

சொந்தமாகத் தேடல் அமைக்கும் எண்ணம் இருந்தால் இதைக் கவனியுங்கள். எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் முழு உரைத் தேடல் பகுதியான எஃப்டிஎஸ்5 இயல்பாகப் பயன்படுத்தும் சொற்பிரிப்பான் எழுத்தையும் எண்ணையும் மட்டுமே சொல்லின் பகுதியாகக் கொள்கிறது. நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் அதற்குப் பிரிப்பான்கள். ‘தமிழ்’ என்பது ‘தம’, ‘ழ’ என்று இரண்டாக உடையும். ‘கடை’, ‘கடி’, ‘கடு’ எல்லாமே ‘கட’ ஆகிவிடும். அட்டவணை உருவாக்கும்போதே யூனிகோடில் புள்ளியும் உயிர்க்குறிகளும் அடங்கும் எம்என், எம்சி என்ற இரண்டு குறி வகைகளையும் எழுத்து வகையில் சேர்த்துவிட வேண்டும். இல்லையென்றால் 3.34 பதிப்பிலிருந்து வரும் மும்மைப் பிரிப்பானை (உரையை மூன்று மூன்று எழுத்துக்குறிகளாக வெட்டுவது) பயன்படுத்துங்கள். சொல்லின் நடுவிலும் தேடும், அட்டவணையின் அளவுதான் பெருகும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் என்றால் 12ஆம் பதிப்பிலிருந்து தமிழ் அடிச்சொல் பிரிப்பே (விகுதியை நீக்கி அடிச்சொல்லை எடுப்பது) இருக்கிறது.

குறிச்சொல்லிலும் இதே கோளாறு வரும். சில மென்பொருள்களில் ‘#குறிப்பு’ என்று இட்டால் ‘#க’ மட்டும் குறிச்சொல்லாகி மீதி வெளியே நிற்கும். ஆயிரம் உருப்படிக்கு இடுவதற்கு முன் ஒன்றில் சோதித்துவிடுங்கள்.

---

நூலடுக்கு

மேலே இருவரும் சொன்னதைச் செய்து முடித்தபின் குறிச்சொல்லுக்கு வாருங்கள், ஏனென்றால் தேடல் சரியானால் உங்கள் 610இல் பெரும்பகுதிக்கு வேலையே இருக்காது.

என் அளவுகோல் ஒன்றே: உரைக்குள் இருக்கும் சொல்லைக் குறிச்சொல்லாக்க வேண்டாம். மண்வளம் பற்றிய கட்டுரையில் ‘மண்’ பத்து இடத்தில் இருக்கும். அதைத் தேடலே எடுத்துத் தரும். எந்த வேலைக்காகச் சேமித்தீர்கள், படித்தாயிற்றா, தரவை நம்பலாமா, இது செய்முறையா கருத்துரையா, இவையெல்லாம் உரையில் எங்கும் எழுதியிருக்காது. அங்கேதான் குறிச்சொல்லுக்கு இடம்.

பொருளைக் குறிக்கும் சொற்கள் ஏன் சிதறுகின்றன என்பதற்கு 1987இல் ஃபர்னாஸ், லாண்டவர், கோமஸ், டுமெய்ஸ் நால்வரும் எழுதிய ஆய்வு இருக்கிறது. ஒரே பொருளுக்கு இருவர் ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கும் குறைவு என்று அதில் கண்டார்கள். இன்று குறிச்சொல் இடும் நீங்களும் நாலு வருடம் கழித்துத் தேடும் நீங்களும் ஏறக்குறைய அந்த இருவர்தான்.

ஆகவே பட்டியலை மூடிய பட்டியலாக (நினைத்தபோது புதிது சேர்க்காததாக) வையுங்கள். நூலகவியலாளர் எஸ். ஆர். இரங்கநாதன் 1933இல் கோலன் பகுப்பு என்ற நூல் வகைப்படுத்தும் முறையை வெளியிட்டபோது, ஒரு நூலை ஒரே இடத்தில் அடைக்காமல் பல முகங்களாகப் பிரித்தார். அதையே சிறிய அளவில் செய்யலாம். ‘நிலை’, ‘வகை’, ‘பணி’ என்று மூன்று முன்னொட்டு போதும்: நிலை-படிக்க, நிலை-சரிபார்க்க, வகை-செய்முறை, வகை-தரவு, பணி-என்று தொடங்கி உங்கள் வேலையின் பெயர். ஓர் உருப்படிக்கு ஒவ்வொரு முகத்திலிருந்தும் அதிகம் போனால் ஒன்று. சொற்களுக்கு இடையே இடைவெளி விடாமல் சிறுகோடு போடுங்கள். சில மென்பொருள்கள் இடைவெளியில் குறிச்சொல்லை உடைக்கும், சில காற்புள்ளியில்.

610ஐக் குறைக்கும் வழி: ஸோடெரோ நூலகத் தளங்களிலிருந்து இறக்கும்போது அவர்கள் இட்ட பொருள் தலைப்புகளையும் குறிச்சொல்லாக இழுத்துக்கொள்ளும். குறிச்சொல் பலகத்தின் பட்டியில் தானியங்கிக் குறிச்சொற்களை நீக்கும் கட்டளை இருக்கிறது; அமைப்புகளில் இனி வராமலும் நிறுத்தலாம். அதன்பின் எஞ்சியதில் ஒரே உருப்படி கொண்டவற்றைப் பாருங்கள். அந்தச் சொல் உரையிலேயே இருந்தால் நீக்குங்கள். எழுத்து வேறுபாடுகளை இணையுங்கள். மறுமுனையில், ‘கட்டுரை’ மாதிரி ஆயிரம் உருப்படியை அள்ளும் குறிச்சொல் எதையும் வடிகட்டுவதில்லை, அதுவும் போகட்டும். ஆசிரியர், தேதி, தளம் ஆகியவற்றுக்குக் குறிச்சொல் வேண்டாம், சேமித்த தேடலாக வையுங்கள். புதியவை தாமாகச் சேரும்.

மொத்தமாக நீக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், கூடாது. “இந்த வேலைக்கு வேண்டியவை எல்லாமே” என்று கேட்கும் தருணத்தில் தேடலை நம்ப முடியாது. அது பொருந்தியதைக் காட்டும், விட்டதைச் சொல்லாது. நீங்களே பார்த்துக் குறியிட்ட பட்டியல் முழுமையாக இருக்கும்.

---

மூலப்பிரதி

ஒலியும் காணொளியும் விட்டுப்போயின. அவற்றுக்குக் குறிச்சொல்லைவிட இரண்டு வரி விவரக் குறிப்பு மேல்: யார் பேசுகிறார், எதைப் பற்றி, எந்த நிமிடத்தில் எது. ‘14:20 சொட்டுநீர்க் குழாய் அடைப்பு’ என்று எழுதிவிட்டால் அது தேடலுக்குள் வந்துவிடும்.

இன்னொன்று. குறிச்சொற்கள் வெளியே எடுக்க வருகின்றனவா என்று இன்றே ஏற்றுமதி செய்து பாருங்கள். கட்டுரைகளைப் பிறகு படிக்கச் சேமித்துவைக்கும் பாக்கெட் சேவை 2025 ஜூலை 8இல் மூடப்பட்டது. அதன் ஏற்றுமதிக் கோப்பில் தலைப்பும் முகவரியும் குறிச்சொல்லும் இருந்தன, கட்டுரையின் உரை இல்லை.

---

ஏட்டுச்சுவடி

தானியங்கிக் குறிச்சொற்களை நீக்கியதும் 610 என்பது 227 ஆகிவிட்டது. பழைய பிடிஎஃப்களில் பத்தை எடுத்து ஒட்டிப் பார்த்தேன். நான்கு பாமினி வகை. கடைசியாக ஒன்று: குறிச்சொற்களைத் தமிழில் வைப்பதா, ஆங்கிலத்திலா?

---

நூலடுக்கு

கைபேசி, கணினி இரண்டிலும் நீங்கள் தயங்காமல் தட்டும் மொழி எதுவோ அது. இரண்டையும் கலக்க வேண்டாம். ஆங்கிலக் கட்டுரையைத் தமிழ்ச் சொல்லால் தேட வேண்டி வரும் என்று நினைத்தால், அந்தச் சொல்லைக் குறிப்புப் பெட்டியில் எழுதுங்கள், குறிச்சொல்லாக்க வேண்டாம். ‘நிலை’ குறிச்சொற்களுக்கு நிறம் கொடுத்துவிடுங்கள். ஸோடெரோவில் ஒன்பது வரை நிறம் தரலாம், 1 முதல் 9 வரை எண் விசையைத் தட்டினாலே ஏறும், மறுபடி தட்டினால் இறங்கும். ஃபயர்ஃபாக்ஸ் முகவரிப் பட்டையில் கூட்டல் குறி போட்டு இடைவெளி விட்டுத் தட்டினால் குறிச்சொல் இட்டவற்றில் மட்டும் தேடும்.